வழிப்போக்கர் காத்த தலங்கள்: பௌத்த யாத்திரையும் விகாரைகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைச் செய்திகள் சில நீக்கப்பட்டுள்ளன. வாதத்தின் வரிசை மாற்றப்படவில்லை.)



பௌத்த யாத்திரை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் சீனத் துறவியரான பாகியானும் யுவான் சுவாங்கும்தான். பள்ளிப் பாடநூலிலிருந்தே அவர்களைத் தனிமனித வீரர்களாக அறிந்திருக்கிறோம்: பாலைவனம் கடந்தவர்கள், பனிமலை ஏறியவர்கள், கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தவர்கள். வரலாற்று மாணவர்களுக்கோ அவர்கள் சாட்சிகள். குப்தர் காலத்தில் வரி எப்படி, ஹர்ஷர் என்ன தானம் செய்தார் என்று அவர்களைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம். சாட்சி என்பவர் நிகழ்ச்சிக்கு வெளியே நிற்பவர். அவர் வந்திருக்காவிட்டாலும் நடந்தது நடந்துதான் இருக்கும். இந்த எண்ணத்தைத்தான் இன்று உங்கள் முன் மறுக்க வந்திருக்கிறேன்.

என் கருத்து இது. புத்தரின் வாழ்வோடு தொடர்புடைய தலங்கள் ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் நிலைத்திருந்ததற்கும், அவற்றுள் சில மற்றவற்றுக்கு முன்பே காடாகிப் போனதற்கும், 19ஆம் நூற்றாண்டில் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டதற்கும் முதன்மையான காரணம் வெளியூரிலிருந்து வந்த யாத்திரிகர்கள். தலத்தின் புனிதம் யாத்திரிகரை ஈர்த்தது என்பது உண்மை; ஆனால் பாதி உண்மை. வந்தவருக்குப் படுக்க இடமும் உண்ண உணவும் கொடுக்க ஒரு விகாரை இருந்த வரையில்தான் தலம் தலமாக இருந்தது. அப்படிப்பட்ட விகாரைகளைக் கட்டியவர்களிலும் பெரும்பங்கினர் தொலைவிலிருந்து வந்தவர்களே. இதை ஏழு பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன். பகுதிகள் ஒரே அளவில் இரா. சான்று எங்கே மிகுதியோ அங்கே சற்று அதிகமாக நிற்பேன்.

1. ஆனந்தரின் கவலை

பௌத்த யாத்திரைக்கு ஆதார நூலாக எல்லோரும் காட்டுவது பாலி மொழியிலுள்ள மகாபரிநிப்பாண சுத்தத்தை. பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதன்முதலில் அறம் உரைத்த இடம், பரிநிர்வாணம் அடைந்த இடம் ஆகிய நான்கையும் சிரத்தையுள்ளோர் காண வேண்டும் என்று புத்தர் சொல்வதாக அந்நூல் கூறுகிறது. லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகரம் என்ற பட்டியல் இப்படித்தான் வந்தது. இந்தப் பட்டியலைத் தனியே எடுத்துக் காட்டுபவர்கள், அது எந்தக் கேள்விக்கு விடையாக வருகிறது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கேட்பவர் ஆனந்தர். மழைக்கால உறைவு முடிந்ததும் பல திசைகளிலிருந்தும் பிக்குகள் புத்தரைப் பார்க்க வருவது வழக்கம். அதனால் அவர்களைக் கண்டு பழகும் வாய்ப்பு தமக்கும் கிடைத்தது என்றும், புத்தர் மறைந்த பின்பு அது நின்றுவிடுமே என்றும் ஆனந்தர் கவலைப்படுகிறார். அதற்குப் பதிலாகத்தான் நான்கு இடங்கள் சொல்லப்படுகின்றன. அதாவது, சிதறி வாழும் ஒரு துறவியர் கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடுவது எப்படி என்ற நடைமுறைச் சிக்கலுக்கு விடையாகவே தலம் பிறக்கிறது. வருவோரும் இருப்போரும் ஒருவரையொருவர் சந்திப்பதே அங்கு முதல் நோக்கம்.

அதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. தெளிந்த மனத்தோடு இவ்விடங்களை நோக்கித் திரிகையில் இறந்துபோகிறவர் நற்கதி அடைவார் என்கிறது நூல். போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வழியில் மாண்டவருக்கும் முழுப் பலன். நடை மீது இவ்வளவு அழுத்தம் வைக்கும் இந்த விதியைப் பின்னால் சீனத் துறவி இட்சிங் எழுதிய துறவியர் வரலாறுகளோடு வைத்துப் படித்தால் அதன் பொருள் விளங்கும். அவர் குறிப்பிடும் துறவியரில் பலர் கடலிலும் மலையிலும் நோயிலும் மாண்டவர்கள்.

இங்கே இரண்டு தடைகள் எழலாம். முதலாவது, இப்பகுதி புத்தர் காலத்தது அன்று, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பது. இருக்கலாம். ஆனால் பிற்காலச் சங்கம் தன் யாத்திரை வழக்கத்துக்கு ஒரு தோற்றக் கதை சொல்லும்போது ஆனந்தரின் கவலையை அதற்குக் காரணமாகத் தேர்ந்தது என்றால், அந்தச் சங்கத்தின் தேவை எது என்பது இன்னும் தெளிவாகிறது. இரண்டாவது தடை, பௌத்தம் அகத்தூய்மையைப் போற்றுவது, ஆற்றில் முழுகினால் பாவம் போகும் என்ற நம்பிக்கையைப் புத்தரே மறுத்தவர், அவர் தல வழிபாட்டை ஏற்றிருப்பாரா என்பது. அவர் மறுத்தது நீருக்குத் தானாக வினை தீர்க்கும் ஆற்றல் உண்டு என்ற கருத்தை. நான்கு தலங்களைப் பற்றிய பகுதியில் மண்ணுக்கோ மரத்துக்கோ அப்படிப்பட்ட ஆற்றல் எதுவும் சொல்லப்படவில்லை. இங்கே இது நிகழ்ந்தது என்று நினைப்பதும், அந்த நினைவில் மனம் தெளிவதும்தான் சொல்லப்படுகின்றன.

2. அசோகர்

யாத்திரிகரின் பெயரும் காலமும் கல்லில் கிடைக்கும் முதல் சான்று அசோகருடையது. முடிசூடிப் பத்தாண்டுகள் ஆனபோது சம்போதிக்கு, அதாவது போதிமரம் இருந்த இடத்துக்குச் சென்றதாகத் தம் எட்டாம் பாறைக் கட்டளையில் சொல்கிறார். வேட்டைக்கும் கேளிக்கைக்கும் செல்லும் அரச உலாவை விட்டு அறப்பயணம் தொடங்கியது அப்போதிலிருந்துதான் என்பது அதன் பொருள். இருபது ஆண்டுகள் ஆனபோது லும்பினிக்கு வந்து வணங்கினார், தூண் நட்டார், அவ்வூரின் வரியை நீக்கி விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் செலுத்தினால் போதும் என்று ஆக்கினார். அருகே நிகாலி சாகரில் உள்ள தூண், கனகமுனி புத்தரின் தூபியைப் பெரிதாக்கியதையும் பிறகு நேரில் வந்து வணங்கியதையும் சொல்கிறது.

அசோகரைக் கொடையாளி என்ற தலைப்பிலேயே வைத்துப் பேசுகிறோம். இந்தத் தூண்கள் அவரை முதலில் வந்தவராகவும் பிறகு கொடுத்தவராகவும் காட்டுகின்றன. வரிச் சலுகை ஊருக்குத்தான், கோயிலுக்கு அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். வருவோர் போவோரைத் தாங்க வேண்டியது ஊர் என்பதால் சுமை குறைக்கப்பட்டது என்று நான் கருதுகிறேன். இது என் ஊகம். கல்வெட்டு காரணமாகச் சொல்வது புத்தர் அங்கே பிறந்தார் என்பதை மட்டுமே. லும்பினி மாயாதேவி கோயிலின் அடியில் நடந்த அகழாய்வில் அசோகருக்கு மூன்று நூற்றாண்டு முற்பட்ட மரக் கட்டுமானத்தின் தடயம் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. அது பௌத்த வழிபாட்டிடம்தானா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஒப்புக்கொண்டாலும் என் வாதம் தளராது. அசோகருக்கு முன்னும் அங்கு வந்து போனவர்கள் இருந்தார்கள் என்றே ஆகும்.

3. விருந்தாளிக்கான சட்டம்

வந்தவரை எப்படி ஏற்பது என்பதை மனப்போக்குக்கு விடாமல் சட்டமாக்கியது பௌத்த சங்கம். விநய நூல்களில் சுல்லவக்கம் என்ற பகுதி இதை விரிவாகப் பேசுகிறது. வெளியூரிலிருந்து வரும் பிக்கு விகாரைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றித் தட்ட வேண்டும், குடையைத் தாழ்த்த வேண்டும், குடிநீர் எது, புழங்கு நீர் எது என்று கேட்டறிய வேண்டும், தமக்குரிய அறை எது, பிச்சைக்குப் போகத்தக்க வீடுகள் எவை, கழிப்பிடம் எங்கே என்று விசாரிக்க வேண்டும். இருப்பவர் இருக்கை விரிக்க வேண்டும், கால் கழுவ நீர் வைக்க வேண்டும், எதிர்சென்று பாத்திரமும் மேலாடையும் வாங்கிக்கொள்ள வேண்டும், வந்தவருக்கு அறை காட்ட வேண்டும். கிளம்பிப் போகிறவர் மரச் சாமான்களையும் மண்பாண்டங்களையும் ஒழுங்காக எடுத்து வைத்து, கதவு சன்னல்களை அடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது வரை விதிகள் உண்டு. தத்துவத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கோ பௌத்தம் ஆசியா முழுதும் பரவியதன் பாதி விளக்கம் இங்கே இருப்பதாகத் தோன்றுகிறது.

இவை ஏட்டோடு நின்ற விதிகள் அல்ல என்பதற்குப் பாகியானே சாட்சி. (சாட்சி என்ற சொல்லை என்னாலும் தவிர்க்க முடியவில்லை.) மத்திய தேசத்து விகாரைகளில் வெளியூர்த் துறவி வந்தால் பழைய துறவியர் எதிர்கொண்டு அவர் துணியையும் பாத்திரத்தையும் தாங்கி வருவதையும், கால் கழுவ நீரும் தேய்க்க எண்ணெயும் தருவதையும், துறவு பூண்டு எத்தனை ஆண்டு என்று கேட்டு அந்த மூப்புக்கு ஏற்ற அறை ஒதுக்குவதையும் அவர் எழுதியிருக்கிறார். 399இல் சாங்கானிலிருந்து அவர் புறப்பட்டதே சீனாவில் விநய நூல்கள் முழுமையாக இல்லை என்ற குறையால்தான். எந்தச் சட்டம் அவரை வழியெல்லாம் தாங்கியதோ அந்தச் சட்டத்தைப் படியெடுக்கவே அவர் வந்திருந்தார். பாடலிபுத்திரத்தில் 3 ஆண்டு, தாமிரலிப்தியில் 2 ஆண்டு, இலங்கையில் 2 ஆண்டு என்று அவர் தங்கியதெல்லாம் படிப்பதற்கும் எழுதுவதற்கும்தான். அவருடன் வந்த தாவோசெங், இந்தியத் துறவியரின் ஒழுங்கைக் கண்டு, திரும்பிப் போகவே மறுத்து இங்கேயே தங்கிவிட்டார்.

இதற்கு எதிர்ப்புறச் சான்று இன்னும் வலுவானது. 671இல் கடல்வழியே புறப்பட்டு நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டு படித்த இட்சிங், தம் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவியரின் வரலாறுகளைத் தொகுத்தார். அதில் ஒரு மனக்குறையைப் பதிவுசெய்கிறார். துகாரர்களுக்கு இங்கே சொந்த விகாரை இருக்கிறது, கபிசத்தாருக்கு இருக்கிறது, சிங்களருக்கு இருக்கிறது. சீனத்துறவியருக்கு மட்டும் இல்லை, அதனால் அவர்கள் இடத்துக்கு இடம் அலைந்து துன்புறுகிறார்கள் என்பது அக்குறை. முன்னொரு காலத்தில் ஸ்ரீகுப்தர் என்ற அரசர் சீனத்துறவியருக்காக ஒரு விகாரை கட்டி ஊர்களை மானியமாகக் கொடுத்ததாகவும், இப்போது அதன் செங்கல் அடித்தளமே மிஞ்சியிருப்பதாகவும் சொல்கிறார். எல்லா விகாரையிலும் எல்லோருக்கும் இடம் என்பது சட்டம். ஆனால் மொழியும் பழக்கமும் ஒத்த இடத்தில் நெடுநாள் தங்குவது வேறு என்பதை அங்கே வாழ்ந்தவர் உணர்ந்திருக்கிறார்.

4. நான்கு தலங்கள், நான்கு தலைவிதி

என் கருத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறு ஒரு நல்ல வாய்ப்பைத் தந்திருக்கிறது. நூல்படி நான்கு தலங்களும் ஒத்த புனிதம் உடையவை. புனிதமே தலத்தைக் காக்கும் என்றால் நான்கும் ஒன்றுபோல் நிலைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. லும்பினிக்கு அருகிலுள்ள கபிலவஸ்துவில் அரசரும் இல்லை, குடிகளும் இல்லை, சில துறவியரும் சில பத்து வீடுகளுமே உண்டு என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாகியான் எழுதுகிறார். வழியில் யானைக்கும் சிங்கத்துக்கும் அஞ்ச வேண்டும் என்கிறார். யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் அங்கே கண்டது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விகாரைகளின் இடிபாடுகளை. குசிநகரத்திலும் மக்கள் சிலரே. 5ஆம் நூற்றாண்டில் ஹரிபலர் என்ற கொடையாளி நிறுவிய, 6 மீட்டர் நீளமுள்ள பரிநிர்வாணச் சிலை அங்கே இருந்தும், 8ஆம் நூற்றாண்டில் வந்த கொரியத் துறவி ஹியேச்சோ பார்த்தது ஆளில்லா ஊரையும் தூபியைப் பெருக்கிப் பராமரித்த ஒரு துறவியையும்தான். குசிநகரம் அத்தோடு முடிந்துவிடவில்லை. கலச்சூரி மன்னர் காலக் கட்டடம் ஒன்றும் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. லும்பினித் தூணிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிபு மல்லர் என்ற அரசரின் பெயர் பொறிக்கப்பட்டது. இவை இடையிடையே வந்து போனவர்களின் தடங்கள். தொடர்ந்த வாழ்வின் அடையாளம் அல்ல.

மறுபுறம் புத்தகயாவும் சாரநாத்தும். சாரநாத்தில் 1,500 துறவியர் இருந்ததாக யுவான் சுவாங் சொல்கிறார். 12ஆம் நூற்றாண்டில் கூட காகடவால அரசி குமாரதேவி அங்கே ஒரு விகாரை எடுத்தார். புத்தகயாவின் கதை இன்னும் நீளமானது. அடுத்த பகுதியை அதற்காகவே வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். சாரநாத் வாரணாசியின் வாசலில் இருக்கிறது, புத்தகயா மகதத்தின் நடுவில் இருக்கிறது, லும்பினியும் குசிநகரமும் தராய்க் காட்டோரத்தில் இருக்கின்றன. எனவே வேறுபாட்டை விளக்குவது நகரமும் வணிகமும் அரசும்தான், விகாரை அன்று. சாரநாத்தைப் பொறுத்தவரை இதை ஏறக்குறைய முழுமையாக ஏற்கிறேன். புத்தகயாவுக்கு இது பொருந்தவில்லை. பாகியான் கயை நகரத்துக்குள் நுழைந்தபோது அது வெறிச்சோடிக் கிடந்தது. அதே பயணத்தில் போதிமரத்தருகே மூன்று விகாரைகளில் துறவியர் வாழ்ந்தனர், சுற்றியிருந்த குடிகள் அவர்களுக்குக் குறைவின்றி வழங்கினர். யுவான் சுவாங் காலத்தில் பாடலிபுத்திரமே இடிந்த சுவர்களாகிவிட்டது. தலைநகரம் போனது, அருகிலிருந்த ஊரும் ஒடுங்கியது, தலம் மட்டும் செழித்தது. அதற்கு நகரம் காரணமாக இருந்திருக்க முடியாது.

இன்னொரு மறுப்பை யாரும் சொல்லும்முன் நானே சொல்லிவிடுகிறேன். சாஞ்சி. புத்தர் அங்கே சென்றதாகச் செய்தி இல்லை. பாகியானும் யுவான் சுவாங்கும் அதை விவரிக்கவில்லை. இருந்தும் நாட்டில் மிக நன்றாக எஞ்சிய பௌத்தத் தலம் அதுதான். வெளிநாட்டு யாத்திரிகரே தலங்களைக் காத்தனர் என்று நான் சொல்லியிருந்தால் சாஞ்சி என்னை வீழ்த்திவிடும். நான் சொன்னது வெளியூர் யாத்திரிகரை. சாஞ்சியின் கற்களில் உள்ள நூற்றுக்கணக்கான கொடைக் கல்வெட்டுகளைப் பாருங்கள்: உஜ்ஜயினியிலிருந்தும் வேறு பல ஊர்களிலிருந்தும் வந்த பிக்குணிகள், இல்லத்தரசிகள், வணிகர்கள், தந்த வேலைக்காரர்கள் ஒவ்வொரு கல்லாகக் கொடுத்திருக்கிறார்கள். நெடும்பயண நூல்களில் இடம்பெறாத யாத்திரை அது. சீனர் எழுதி வைத்ததால் சீனர் மட்டுமே நடந்தார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

5. புத்தகயாவில் யார் கட்டினார்கள்

4ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து புத்தகயாவுக்கு வந்த துறவியர் தங்க இடமின்றி அவமதிக்கப்பட்டுத் திரும்பிப் போய்த் தம் அரசரிடம் முறையிட்டனர் என்றும், அரசர் மேகவர்ணர் சமுத்திரகுப்தருக்குக் காணிக்கை அனுப்பி, இசைவு பெற்று, போதிமரத்தருகே ஒரு விகாரை எழுப்பினார் என்றும் சீன நூல்கள் கூறுகின்றன. கதையில் மிகைகள் இருக்கலாம். விகாரை இருந்தது உறுதி. யுவான் சுவாங் அங்கே ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான துறவியரைக் கண்டார். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகாநாமர் என்ற இலங்கைத் துறவி புத்தகயாவில் கோயில் எடுத்ததைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. ஏழை யாத்திரிகரின் தங்குமிடப் பிரச்சினை இரண்டு அரசுகளுக்கு இடையிலான தூதாக மாறி, பல நூற்றாண்டு நிலைத்த ஒரு கட்டடமாக முடிந்தது என்பதே இதில் எனக்கு முக்கியம்.

போதிமரத்தைச் சசாங்கர் வெட்டினார் என்றும் பூர்ணவர்மர் மீட்டார் என்றும் யுவான் சுவாங் எழுதுகிறார். இதைக் கொண்டு தலத்தின் வரலாற்றை அழித்த அரசர், காத்த அரசர் என்ற இரட்டைக் கணக்காக எழுதுவோர் உண்டு. அரசர்கள் வந்து போயினர். இடைவிடாமல் இருந்தவர்கள் விகாரைவாசிகள். வெளியார் கட்டியது புத்தகயாவில் மட்டுமன்று. 9ஆம் நூற்றாண்டில் கடல்கடந்த சுவர்ணத்வீபத்து அரசர் பாலபுத்ரதேவர் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டி, அதற்கு ஊர்களை மானியமாகத் தரும்படி பாலர் குலத் தேவபாலரிடம் வேண்ட, ஐந்து ஊர்கள் வழங்கப்பட்டன. அவற்றின் வருவாய் எதற்கெல்லாம் ஆகும் என்று சொல்லும் செப்பேடு துறவியரின் உணவு, படுக்கை, மருந்து, நூல் படியெடுத்தல், விகாரைப் பழுதுபார்த்தல் என்று பட்டியலிடுகிறது. சுங் பேரரசர் 966இல் 157 துறவியரை மேற்கே அனுப்பினார். 11ஆம் நூற்றாண்டில் சீனத்துறவியர் புத்தகயாவில் நட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. 1033இல் ஹுவாய்வென் என்பவர் சீன அரச குடும்பத்தின் சார்பில் அங்கே ஒரு தூபி எடுத்தார். பிறகு பர்மியர் வந்தனர். 1295 முதல் 1298 வரை நடந்த திருப்பணியை அவர்களின் கல்வெட்டு சொல்கிறது.

அந்தத் திருப்பணி நடந்த காலத்தை நினைவில் கொள்ளுங்கள். நாளந்தா சூறையாடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 1234இல் வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமி, படை வரும் என்ற அச்சத்தால் புத்தகயாவிலிருந்து எல்லோரும் ஓடிவிட நான்கு துறவியரே இருந்ததையும், மூலச் சிலையின் முன்னே செங்கல் சுவர் எழுப்பி மறைத்திருந்ததையும் கண்டார். நாளந்தாவில் தொண்ணூறு வயதைத் தொட்ட ராகுல ஸ்ரீபத்ரர் எழுபது மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். போதிமரத்தடி இருக்கையான வஜ்ராசனத்தின் வளாகத்துக்குள் தங்கும் உரிமை சிங்களத் துறவியருக்கு இருந்ததையும் தர்மசுவாமி குறிப்பிடுகிறார். உள்நாட்டுப் புரவலர் குலங்கள் வீழ்ந்த பின்பும் தலத்தில் ஆள் இருந்தது என்றால் அந்த ஆள் கடல் கடந்து வந்தவர். படையெடுப்பால் பௌத்தம் அழிந்தது என்று ஒரே வரியில் எழுதுவோர் இந்த எஞ்சிய நூறாண்டை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

6. தலம் நூலாகவும் படியாகவும் பயணித்தது

யாத்திரிகர் திரும்பிப் போகும்போது தலத்தையும் எடுத்துச் சென்றார். புத்தகயாக் கோயிலின் சிறிய கல், மண் உருவங்கள் திபெத், பர்மா வரை சென்றன. பாகானில் 13ஆம் நூற்றாண்டிலும், சியாங் மாயில் 15ஆம் நூற்றாண்டிலும் மகாபோதிக் கோயிலின் படிகள் கட்டப்பட்டன. நேபாளத்தின் பாட்டனிலும் ஒன்று உண்டு. பர்மாவின் பெகு அரசர் தம்மசேதி 1472இல் அளவெடுத்து வரக் கலைஞர்களைப் புத்தகயாவுக்கு அனுப்பினார். நமக்கு இது புதிதல்ல. மணிமேகலை காஞ்சிக்கு வரும்போது அங்கே மன்னன் மணிபல்லவத்தைப் போலவே பொய்கையும் பொழிலும் புத்த பீடிகையும் அமைத்திருப்பதாகச் சாத்தனார் பாடியிருக்கிறார். தலத்தைப் பெயர்த்து வைக்கலாம் என்ற நம்பிக்கை தமிழ்க் காவியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே காவியத்தில் புகாரின் உலக அறவி என்ற பொது அம்பலத்தில் வந்தவர்க்கெல்லாம் அவள் சோறிடுகிறாள் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நூல் வடிவில் சென்றதன் விளைவு இன்னும் பெரிது. பாகியான் நூலை ரெமுசா பிரெஞ்சில் பெயர்த்தது 1836இல் வெளிவந்தது. யுவான் சுவாங் நூலை ஜூலியன் 1850களில் பெயர்த்தார். தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் சங்காசியத்தையும் குசிநகரத்தையும் சிராவஸ்தியையும் அடையாளம் கண்டது இந்த யாத்திரிகர்கள் சொன்ன திசையையும் தூரத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான். தலங்களை மீட்டது காலனியத் தொல்லியல், யாத்திரிகர் அல்லர் என்று சொல்வோருக்கு என் பதில் இது: தொல்லியலாளர் யாத்திரிகரின் வழிகாட்டியில் நடந்தார். இந்த வழிகாட்டி எல்லா இடத்திலும் சரியாக இருக்கவில்லை என்பதும் உண்மை. கபிலவஸ்து எது என்பதில் பாகியானும் யுவான் சுவாங்கும் தரும் தூரங்கள் ஒத்துப்போகவில்லை. அதனால் நேபாளத்தின் திலௌராகோட்டும் இந்தியாவின் பிப்ரஹ்வாவும் இன்றும் போட்டியில் இருக்கின்றன. பிப்ரஹ்வாவில் 1970களில் கபிலவஸ்துத் துறவியர் சங்கத்தின் பெயர் பொறித்த முத்திரைகள் கிடைத்தன. அவை அங்கே ஒரு விகாரை இருந்ததைக் காட்டுகின்றன. புத்தரின் தந்தை சுத்தோதனரின் அரண்மனை அங்கே இருந்தது என்று காட்டவில்லை. ஊர் எங்கே என்ற கேள்விக்கு விடை தேடிப் போனால் விகாரையே கிடைக்கிறது.

புத்தகயாவில் மீட்பைத் தொடங்கியவர்களும் யாத்திரிகரே. 1811இல் கம்பெனி அளவையாளர் புக்கனன் அங்கே சென்றபோது கோயில் சைவ மடத்தின் பொறுப்பில் இருந்தது. பௌத்தத் தொடர்பு பற்றி அவர் கேட்டறிந்தது, பர்மிய அரசர் அனுப்பிய ஆட்களால் பௌத்தத்துக்கு மாறிய ஒருவரிடமிருந்து. 1870களில் பர்மாவின் மிண்டோன் அரசர் அனுப்பிய குழு பழுதுபார்க்கத் தொடங்கியதும், அதைப் பார்வையிட வங்காள அரசு ராஜேந்திரலால் மித்ராவை அனுப்பியது. அதன் பிறகுதான் கன்னிங்காமும் பெக்லரும் 1880களில் திருப்பணியை நடத்தினர். 1891இல் இலங்கையின் அநகாரிக தர்மபாலர் வந்து பார்த்தார், அதே ஆண்டு கொழும்பில் மகாபோதி சங்கத்தை நிறுவினார், நெடிய வழக்குகள் நடந்தன, 1949இல் பீகார் அரசு சட்டம் இயற்றியது. இன்று தாய்லாந்து, பர்மா, இலங்கை, ஜப்பான், பூட்டான், திபெத் என்று நாட்டுக்கு நாடு ஒரு விகாரை அங்கே இருக்கிறது. சீன விகாரையும் உண்டு. இட்சிங்கின் குறை 20ஆம் நூற்றாண்டில் தீர்ந்தது.

7. நாகப்பட்டினம்

தமிழ்நாட்டில் பேசுவதால் மட்டும் இதை எடுக்கவில்லை. என் கருத்துக்கு மிகத் தூய சான்று இது. புத்தர் வாழ்வின் எந்த நிகழ்ச்சியும் நாகப்பட்டினத்தில் நடந்ததாக யாரும் சொன்னதில்லை. அங்கே இருந்தது துறைமுகம், கடலில் வந்து இறங்கும் பயணிகள், அவர்களுக்கான விகாரம். ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மரின் பெயரில் எழுந்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைத் தன் 21ஆம் ஆட்சியாண்டில் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன் 1025 அளவில் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். போர் நடந்தும் விகாரம் தொடர்ந்தது. 1090இல் ஸ்ரீவிஜயத்தின் கடாரத்துத் தூதர் வேண்டுகோளின்படி முதலாம் குலோத்துங்கன் மானியத்தை உறுதிப்படுத்தினான். விருந்தாளிகளுக்கான ஏற்பாடு அரசியல் பகையைத் தாண்டியும் நின்றிருக்கிறது.

எப்போது முடிந்தது? தம்மசேதியின் 1476ஆம் ஆண்டுக் கல்யாணிக் கல்வெட்டு ஒரு குறிப்பு தருகிறது. இலங்கைக்குச் சென்று திரும்பிய பர்மியத் துறவியரின் கப்பல் உடைந்து, அவர்கள் நடந்தே நாகப்பட்டினம் வந்தனர். பதரிகாராமம் என்ற விகாரை இருந்த இடத்தைப் பார்த்தனர். சீன அரசரின் ஆணைப்படி அமைந்த குகையிலிருந்த புத்தரை வணங்கினர். அதாவது 15ஆம் நூற்றாண்டில் படிமம் இருந்தது, விகாரை இருந்த இடம் மட்டும் மிஞ்சியிருந்தது. வந்தவர்களும் திட்டமிட்டு வந்தவர்கள் அல்லர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றும் வெள்ளையர் சீனக் கோபுரம் என்றும் அழைத்த மூன்று நிலைச் செங்கற் கோபுரம் 1867இல் சென்னை அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. 1856 தொடங்கி அவ்வூரில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. சிலவற்றின் பீடங்களில் தமிழ் எழுத்தும் உண்டு. புத்தகயாவுக்குப் பர்மியரும் இலங்கையரும் திரும்பி வந்தது போல் இங்கே யாரும் திரும்பி வரவில்லை. வருவதற்கு ஒரு பாகியானின் குறிப்பு இல்லை. நான்கு தலப் பட்டியலிலும் இவ்வூர் இல்லை. ஆனைமங்கலச் செப்பேடுகளையும் கல்யாணிக் கல்வெட்டையும் அந்தப் பீட எழுத்துகளையும் பக்கம் பக்கமாக வைத்து, அங்கே தங்கியவர் யார், எவ்வளவு காலம், யார் செலவில் என்று ஆராய்வது இந்த அவையில் உள்ள இளம் ஆய்வாளர் ஒருவர் எடுத்துச் செய்யத்தக்க வேலை. அதன் முடிவு என் கருத்துக்கு மாறாகவே வந்தாலும் படிக்க ஆவலாக இருக்கிறேன்.